இரவு 9.45-க்கு மேல் எந்த கேம்?

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில், வெளிநாட்டில் துணி வாங்குபவர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜெர்மனியில் மாலை 5 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. அங்கே வாங்குபவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் முன் அனுப்பும் கடைசி மெயிலில்தான் சாயம் சரியா, மறுபடியும் லேப் டிப் (சாய மாதிரித் துண்டு) போட வேண்டுமா என்ற பதில் இருக்கும். அதைப் படித்து டையிங்குக்குத் தகவல் சொல்லி, மகளைத் தூங்கவைத்து நிமிரும்போது மணி 9.45 ஆகியிருக்கும். காலை 5.30-க்கு எழ வேண்டும் என்பதால் 10.30-க்குப் படுத்தாக வேண்டும். இடையில் உள்ள 45 நிமிடம் என்னுடையது. வாரத்தில் நான்கு இரவுகள் அது கிடைக்கிறது.

அந்த நேரத்தில் நான் வீடியோ கேம் ஆடுகிறேன். கோவையில் கல்லூரியில் படித்தபோது தொடங்கிய பழக்கம். 39 வயதாகியும் விடவில்லை, விடப்போவதும் இல்லை. நாள் முழுவதும் அடுத்தவர் வைத்த கெடுவுக்கு ஓடுகிறவளுக்கு, தானே ஒரு முடிவெடுத்து அதன் பலனை அப்போதே பார்க்கக் கிடைக்கிற இடம் அது. அதனால்தான் பொருந்தாத கேமை வாங்கிவிட்டபோது மனம் நொந்துபோனது. எல்லோரும் புகழ்ந்த, விருப்பப்படி எங்கும் சுற்றித் திரியக்கூடிய பெரிய திறந்த உலக கேம் ஒன்று. எட்டு மாதத்தில் 11 மணி நேரம்தான் ஆட முடிந்தது. எந்தப் பொத்தான் எதற்கு, போன வாரம் யாரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன் என்று நினைவுபடுத்திக்கொள்வதிலேயே ஒவ்வோர் இரவும் பாதி போயிற்று. கேமின் மேல் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் இருந்த நேரம் அதற்கு ஏற்றதாக இல்லை.

இந்தத் தீபாவளிக்கு முன் இரண்டு பேர் என்னிடம் யோசனை கேட்டார்கள். ஒருவன் சோமனூரில் கூலிக்கு நெய்யும் தறிக்குடோன் நடத்தும் என் தம்பி. இன்னொருவர் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் பெரியப்பா மகன். "அம்மிணி, வருஷத்துக்கு ஒன்று வாங்கினாலும் உருப்படியாக வாங்க வேண்டும், நீயே சொல்லு" என்றார் அண்ணன். "அண்ணனுக்குச் சொல்வதையே எனக்கும் சொல்லிவிடுங்கள் அக்கா" என்றான் தம்பி. அங்கேதான் சிக்கல். மூன்று பேருக்கும் வாரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான். ஆனால் ஒரே கேம் மூவருக்கும் ஆகாது.

அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணறு மூன்று பங்கு. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் நம் முறைக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துத்தான் அப்பா பயிர் வைப்பார். அதைவிட முக்கியமாக ஒன்று சொல்வார்: ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீரும், பத்துப் பத்து நிமிடமாக ஆறு தடவை விட்டுவிட்டு வரும் தண்ணீரும் ஒன்றல்ல. விட்டுவிட்டு வருவதை வாய்க்காலே குடித்துவிடும். கடைமடைப் பாத்தி காய்ந்துதான் கிடக்கும். கேமுக்கும் இதே கணக்குதான். கேம் திறந்து வரும் நேரம், அப்டேட், பழைய கதையை நினைவுபடுத்திக்கொள்வது, கை பழகுவது எல்லாம் வாய்க்கால். அது எவ்வளவு குடிக்கிறது, நினைத்த இடத்தில் மடையை அடைக்க முடிகிறதா, பத்து நாள் கழித்து வந்தால் பயிர் நிற்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முடிக்க மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும் என்பது அதற்கப்புறம்.

தம்பியிலிருந்து தொடங்குகிறேன். அவனுக்கு நேரம் இரவு ஷிப்டில், குடோன் முன்னறையில், போனில். தறியை ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் எந்த நிமிடத்தில் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. பாவு தீர்ந்துவிட்டது என்பார்கள், ஒரு தறி நின்றுவிட்டது என்பார்கள், நூல் வண்டி வந்துவிடும். ஐந்து நிமிடமும் கிடைக்கலாம், இருபதும் கிடைக்கலாம். அவன் அதுவரை ஆடிக்கொண்டிருந்தது பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற துப்பாக்கிச் சண்டை கேம். நூறு பேர் குதிக்கும் பெரிய வரைபடத்தில் கடைசி வரை நின்றால் ஓர் ஆட்டம் அரை மணி நேரம் வரை போகும், நடுவில் நிறுத்த முடியாது. நான்கு பேர் அணியில் ஒருவன் எழுந்து போனால் மற்ற மூவரும் தவிக்க வேண்டும். தறி நின்ற கவலையோடு அந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்வதாக அவனே சொன்னான். நண்பர்களோடு பேசிச் சிரித்து ஆடும் சுகத்தை வேறெதுவும் தராது என்பதும் உண்மைதான். அதை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவனுக்கு வேண்டியது, நாம் கை வைக்காதவரை எதுவும் நகராத கேம். முறை வைத்து ஆடும் வகை. இதில் மூன்றை எடை போட்டோம். 2019-இல் முழுமையாக வந்த ஸ்லே த ஸ்பயர் சீட்டுக் கட்டை வைத்துக் கோபுரம் ஏறும் ஆட்டம். எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை அவன் தலைக்கு மேலேயே காட்டிவிடுவதால், திரும்பி வந்து பார்த்ததும் நிலைமை விளங்கிவிடும். சண்டை நடுவில் மூடினால் அந்தச் சண்டையின் தொடக்கத்துக்குப் போகும், நஷ்டம் சில நிமிடம். ஆழம் மிக அதிகம், நூறு மணி நேரம் ஆடினாலும் சலிக்காது. ஆனால் போன் திரையில் எழுத்து பொடியாக இருக்கிறது, தறிச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு சீட்டையும் கூர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

2024 பிப்ரவரியில் வந்து, அதே ஆண்டு செப்டம்பரில் போனுக்கும் வந்த பலாட்ரோ ஒற்றை ஆள் உருவாக்கியது. போக்கர் என்ற சீட்டாட்டத்தின் சேர்க்கைகளை வைத்துப் புள்ளி சேர்க்க வேண்டும். ஜோக்கர் சீட்டுகள் அந்தப் புள்ளிகளைப் பெருக்கிக்கொண்டே போகும். கல்யாண வீட்டுத் திண்ணையில் சீட்டு பிடித்தவனுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபடும். ஒரு சுற்று இரண்டு மூன்று நிமிடம்தான், எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். சீட்டுப் படம் தெரிந்ததும் வீட்டில் பயப்படலாம் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதில் காசு வைத்து ஆடுவதற்கு வழியே கிடையாது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்த ஆட்டங்களால் நம் ஊர்களில் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்த எனக்கு அதில் முழுச் சம்மதம். அந்த வகையை நான் எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை.

மூன்றாவது சதுரங்கம். லிசெஸ் என்ற இணையதளத்தில் பணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. அதில் கடிதப் போக்குவரத்து மாதிரி ஒரு வகை உண்டு: ஒரு நகர்வுக்கு 1 நாளிலிருந்து 14 நாள் வரை அவகாசம் வைத்துக்கொள்ளலாம். தேநீர் குடிக்கும் நேரத்தில் ஒரு குதிரையை நகர்த்திவிட்டு எழுந்துவிடலாம். தம்பிக்கு நான் சொன்னது பலாட்ரோ, கூடவே லிசெஸில் என்னோடு ஓர் ஆட்டம். இரண்டு நாளைக்கு ஒருமுறை அவன் காய் நகர்ந்திருக்கும். நலமாக இருக்கிறான் என்று தெரிந்துகொள்வேன்.

அண்ணன் கதை வேறு. வாரம் முழுவதும் லோடு, வண்டி, டீசல், ஓட்டுநர் என்று ஓடுகிறவர். ஞாயிறு நாட்டுக்கோழிக் குழம்புச் சாப்பாடு முடிந்து 2.30-இலிருந்து 6 வரை அவரை வீட்டில் யாரும் தொந்தரவு செய்வதில்லை. மூன்றரை மணி நேரம் ஒரே மூச்சாக ஓடும் தண்ணீர். பெரிய கேமுக்கு இது போதும். அவருடைய பகை இடைவெளிதான்: ஒரு ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் நடுவில் ஆறு நாள், நடுவில் ஒரு விசேஷம் வந்துவிட்டால் பதின்மூன்று நாள்.

அவர் ஆசைப்பட்டது 2022-இல் வந்த, கடினத்துக்குப் பேர்போன சண்டை கேமான எல்டன் ரிங். அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவில் நிறுத்தி வைக்கும் வசதி அதில் இல்லை, கையில் உள்ள பொருள்களின் பட்டியலைத் திறந்தாலும் எதிரி அடித்துக்கொண்டே இருப்பான். ஞாயிற்றுக்கிழமையும் ஏதோ ஒரு சோதனைச் சாவடியிலிருந்து ஓட்டுநர் அவரைக் கூப்பிடத்தான் செய்வார். தவிர, அந்த கேமில் வெற்றி என்பது விரல் நினைவு. ஒரு வாரம் விட்டால் அது கரைந்துவிடும், முதல் ஒரு மணி நேரம் போன வாரத்து நிலைக்குத் திரும்புவதற்கே போகும்.

கௌபாய் கதை கேமான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018) அடுத்து வந்தது. முதன்மைக் கதை மட்டும் 50 மணி நேரம். நிதானமாக நகர்வதுதான் அதன் குணம். குதிரையில் நெடுந்தூரம் போக வேண்டும், பனிமலையில் தொடங்கும் முதல் அத்தியாயமே இரண்டு மணி நேரத்தைத் தொடும். அதற்குப் பொறுமை உள்ளவருக்கு அது ஈடில்லாத அனுபவம். அண்ணன் பொறுமைசாலி இல்லை.

2015-இல் வந்த விட்சர் 3-ஐத்தான் அவருக்குத் தேர்ந்தேன். அதற்குக் காரணம் இரண்டு. சேமித்த ஆட்டத்தைத் திறக்கும்போதெல்லாம் இதுவரை நடந்த கதையை ஒரு குரல் சுருக்கிச் சொல்லும். ஆறு நாள் மறந்ததை அந்த ஒரு நிமிடம் மீட்டுத் தந்துவிடும். இரண்டாவது, ஊர்தோறும் அறிவிப்புப் பலகைகள் இருக்கும், பேய் பிசாசு வேட்டைக்கான ஒப்பந்தங்கள் அதில் தொங்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு, ஊராரிடம் கூலி பேசி, தடயம் தேடி, வேட்டையை முடித்துப் பணம் வாங்கினால் ஒரு முழு வேலை முடிந்தது. கூலியைக் கூட்டிக் கேட்கலாம். அளவு மீறிக் கேட்டால் எதிராளி முகம் சுளிப்பது ஒரு கோட்டில் ஏறிக்கொண்டே வரும். இருபது வருடமாக லோடுக்கு வாடகை பேசுகிற மனிதருக்கு இதைக் காட்டியதும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் 50 மணி நேரம், அதாவது அவருக்கு 14 வாரத்துக்குக் கொஞ்சம் மேல். பக்க வேலைகளையும் செய்தால் 100-ஐத் தாண்டும், ஆறரை மாதம். வருஷத்துக்கு ஒன்று போதும் என்றவருக்கு அது சரியான அளவு.

இனி என் 45 நிமிடம். ஒன்பதே முக்காலுக்குமேல் எனக்கு இடைஞ்சல் குறைவு. மகள் தண்ணீர் கேட்டு ஒருமுறை எழுவாள், அவ்வளவுதான். ஆனால் 10.30-க்கு கண்டிப்பாக எழுந்தாக வேண்டும். ஆக, அந்த நேரத்துக்குள் தொடக்கமும் முடிவும் உள்ள கேம் வேண்டும். இதில் இரண்டு கேம்களை மாற்றி மாற்றி ஒரு வருடத்துக்கும் மேல் ஆடியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல முடியும்.

ஹேடிஸ் 2020-இல் முழுமையாக வெளிவந்தது. கிரேக்கப் பாதாள உலகத்து அரசனின் மகன் அங்கிருந்து தப்பிக்கப் பார்க்கிறான். ஒரு முயற்சி கடைசிவரை போனால் அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின். ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே செத்துவிடுவோம். செத்தால் வீட்டுக்குத்தான் திரும்புகிறோம். அங்கே ஒவ்வொருவரும் புதிதாக ஒன்று பேசுவார்கள், கதை அந்தச் சாவினாலேயே ஓர் அடி முன்னேறும். தோற்ற இரவும் வீணாவதில்லை என்கிற இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம். நடுவில் மூடினாலும் நின்ற அறையின் வாசலிலிருந்து மறுபடி தொடங்கலாம், ஓர் அறை என்பது ஒன்றிரண்டு நிமிடம். விரல் வேகம் குறைந்தவர்களுக்கு 'காட் மோட்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது: எதிரியின் அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம், 80 வரைக்கும். வெட்கப்படாமல் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தினமும் மூன்று மணி நேரம் பழகும் பையனுக்கும் வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஆடும் தாய்க்கும் ஒரே கடினம் எப்படி நியாயமாகும்?

ஆனால் ஹேடிஸ் உடம்பை முறுக்கிவிடுகிறது. 10.30-க்கு மூடினாலும் நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை, தூக்கம் 11.30-க்குத்தான் வந்தது. ஆடிய 45 நிமிடத்தோடு இந்த ஒரு மணி நேரமும் சேர்ந்துதான் அதன் விலை என்று புரிய எனக்குச் சில வாரங்கள் ஆயின.

ஸ்டார்டியூ வேலி 2016 பிப்ரவரியில் வந்தது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருடத்துக்கும் மேலாகத் தனியாக உழைத்து உருவாக்கியது. தாத்தா விட்டுப்போன தோட்டத்தைத் திருத்தி விவசாயம் செய்ய வேண்டும். அதில் ஒரு நாள் காலை 6-இலிருந்து பின்னிரவு 2 வரை. நம் கணக்கில் 14 நிமிடம். என் 45 நிமிடத்தில் மூன்று நாள் நடக்கும். கணினியிலும், டிவியில் இணைத்து ஆடும் கன்சோலிலும், கேமுக்குள் படுத்துத் தூங்கினால்தான் ஆட்டம் சேமிக்கப்படும். ஆகவே நடுவில் எது நடந்தாலும் நஷ்டம் 14 நிமிடத்துக்கு மேல் போகாது. போனில் அந்தக் கவலையும் இல்லை, பாதி நாளில் மூடினாலும் காத்து வைக்கும்.

முதல் வாரம் பூவாளி தூக்கி ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாளில் பாதி அதிலேயே கழியும். பிறகு தாமிரமும் இரும்பும் சேர்த்துத் தெளிப்பான் செய்து வைத்தால், காலையில் எழும்போது நான்கு பக்கமும் மண் கறுத்து ஈரமாக இருக்கும். அதை முதல்முறை பார்த்தபோது, தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்ட மறுநாள் காலை அப்பா வரப்பில் நின்ற நிற்பு கண்ணில் வந்தது. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, செய்ய வேலையில்லாமல், அங்கேயே நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

இதன் ஆபத்து, 'இன்னும் ஒரே ஒரு நாள்' என்ற ஆசை. நாள் சின்னதாக இருப்பதாலேயே அது வருகிறது. 10.15-க்குமேல் புதிய நாளைத் தொடங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஷிப்மெண்ட் நெருங்கும் வாரங்களில் ஸ்டார்டியூ, நெருக்கடி இல்லாத வாரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் ஹேடிஸ். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வேலை முடிந்து களைத்து உட்காருபவருக்கு நான் கைகாட்டுவது ஸ்டார்டியூதான்.

இன்னொரு வகையைப் பற்றிப் போதிய பேர் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்: சில இரவுகளில் முடிந்துவிடும் சின்ன கேம்கள். 'இவ்வளவு கொடுத்து ஒன்றரை மணி நேரம்தானா' என்று கேட்கிறார்கள். காசை மணிக்கணக்கில் வகுப்பது, நேரம் நிறைய இருந்த கல்லூரிக் காலத்துக் கணக்கு. எனக்கு வருடத்துக்கு, நோம்பி நொடியும் ஷிப்மெண்ட் நெருக்கடியும் போக, 120 மணி நேரம் தேறும். அதில் ஒரு முழுமையான கதையை இரண்டே இரவில் தரும் கேம் எனக்கு மலிவானது. 2007-இல் வந்த போர்ட்டல் மூன்று நான்கு மணி நேரம், மூளைக்கு அப்படி ஒரு தீனி. 2019-இல் வந்த எ ஷார்ட் ஹைக் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு மலையேற்றம்.

2023 ஜூலையில் வந்த வெண்பா என்ற கேமைத் தமிழர்கள் யாரும் தவறவிடக் கூடாது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதைப் பெற்றது. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கும். விடுபட்டதை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. அன்று ஊரிலிருந்து வந்திருந்த அம்மா என் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டுகளை அப்படியே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன். "தட்டைத் திருப்பி வை கண்ணு, குழிக்கு மேல் குழி வந்தால் ஆவி எப்படி மேலே போகும்?" என்றார். திருப்பி வைத்தேன், சரியாக வந்தது. வீடியோ கேம் என்றாலே எழுந்து போய்விடுகிற என் அம்மா, மகன் வளர்ந்து தாயோடு பேச்சுக் குறைந்துபோகும் இடம் வரை அசையாமல் இருந்தார். முடிந்தபோது மணி 11.15. அந்த ஓர் இரவு தூக்கம் கெட்டதில் எனக்கு வருத்தமில்லை.

தினமும் வந்து பார்க்கச் சொல்லும் இலவச கேம்களை மூவருக்குமே வேண்டாம் என்றேன். கென்ஷின் இம்பாக்ட்டில் தினசரி நான்கு வேலைகள் காத்திருக்கும். எட்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஊறும் ஆற்றல் அளவு நிரம்பியதும் ஊறுவது நின்றுவிடும், வராதவருக்கு அது நஷ்டமாகத் தோன்றும். பார்க்க மிக அழகான கேம்தான். ஆனால் நாள் முழுவதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இரவிலும் ஒரு பதிவேடு எதற்கு?

எதில் ஆடுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணினியைவிட, உறங்கவைத்து எழுப்பக்கூடிய கருவிதான் நமக்கு நல்லது. போன் அப்படித்தான். பிளேஸ்டேஷன் 5-இல் அந்த வசதிக்குப் பெயர் ரெஸ்ட் மோட், எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ், எக்ஸ் இரண்டிலும் குவிக் ரெஸ்யூம். நம் ஊருக்கு ஒரு வேறுபாடு முக்கியம். ரெஸ்ட் மோடில் இருக்கும்போது மின்சாரம் போனால் விட்ட நிலை அழிந்துவிடும், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். குவிக் ரெஸ்யூம் நிலையை வட்டில் எழுதி வைப்பதால் மின்தடையைத் தாங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கும் நாளைக்கு முந்தின இரவு, பிளேஸ்டேஷன்காரர்கள் சேமித்துவிட்டுப் படுங்கள்.

வாங்கும் நாளும் ஒரு முடிவுதான். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நேரம் உள்ளவருக்கு இரண்டு மணி நேரம் முதலில் தீரும்; வாங்கி அடுக்கிவைத்துவிட்டால் நமக்கு 14 நாள் முதலில் தீர்ந்துவிடும். எனவே தள்ளுபடி வந்தது என்று ஐந்து கேம் வாங்கி அடுக்காதீர்கள். டிசம்பர் கடைசியிலும் ஜூன் கடைசியிலும் தள்ளுபடி மறுபடி வரும். தொடங்கப்போகும் அன்று மாலை ஒன்றை மட்டும் வாங்கி, அந்த வாரத்து மூன்று மணி நேரத்தில் இரண்டு முடிவதற்குள் ஆடிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் திருப்பிவிடுங்கள்.

அண்ணன் போன வாரம் கூப்பிட்டார். ஞாயிறு 2.30-க்கு கன்சோலைப் போட்டால் அப்டேட் இறங்க ஆரம்பித்து 3.40 வரை விடவில்லையாம். சனிக்கிழமை இரவு ஆபீஸை அடைத்துவிட்டு வந்ததும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, அப்டேட் இருந்தால் இறங்கவிட்டுப் படுக்கச் சொல்லியிருக்கிறேன்.